ஆணியில் மாட்டிய சாவி

போன மாதம் சாவி மாற்றும் கூட்டத்தில் உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள். நான் பார்த்தேன். கண் மங்கிவிட்டது என்றாலும் சிரிப்பவர்களைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இன்னும் பார்வை இருக்கிறது. அறங்காவலர் குழுத் தலைவர் ஒரு துருப்பிடித்த இரும்புச் சாவியை எடுத்துப் புதிய மாணவத் தலைவரின் கையில் வைக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், அந்தச் சாவிக்கோ ஊரில் எங்கேயும் கதவு கிடையாது. சிரிப்பு வரத்தான் செய்யும். கூட்டம் முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த அறங்காவலர் ஒருவர், சின்னப் பெண்தான், என்னிடம் வந்து கேட்டார்: சாவியை மேசைமேல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் என்ன, கையில்தான் கொடுக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறீர்களே, ஏன்? அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரித்தவர்களும் படிக்கலாம்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த மாணவர் சங்கத்தின் அறங்காவலராக இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன். கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, மாணவர்களின் கூச்சலுக்கு நடுவே முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். வராவிட்டாலும் குடி முழுகிப் போகாது. நான் சொல்லப் போவது என் வண்டவாளம். அதை நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

நாற்பதுகளின் நடுவில், யுத்தம் இன்னும் ஓயாத காலம். எங்கள் வட்டாரத்தில் கல்லூரிப் படிப்பு என்றால் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். பல்கலைக்கழகம் அங்கே, வீடு இங்கே. விடுமுறை விட்டால் அரக்கோணத்தில் ரயில் மாறித் திருத்தணியில் வந்து இறங்குவோம். இப்படி வந்து சேருகிற பல்கலைக்கழக மாணவர்கள் கூடிப் படிக்கவும் பேசவும் சண்டை போடவும் ஓர் இடம் வேண்டும் என்று, ஊரிலிருந்த அரிசி மில்காரர் ஒருவர் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கூடம் சில வருஷங்களுக்கு முன்பே கட்டிக் கொடுத்திருந்தார். ஓட்டுக்கூரை, எட்டு ஜன்னல், இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். அதுதான் நம் சங்கத்தின் முதல் வீடு.

அந்த வீட்டுக்கு நான்கு அறங்காவலர்கள். அன்றைக்கு டிரஸ்டி என்போம். மாணவர்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள், காரியங்களை அவர் நடத்துவார். கட்டடத்துக்கும் விதிகளுக்கும் நாங்கள் காவல். கூடவே, ஒவ்வொரு மாணவரின் நடத்தையைப் பற்றியும் வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் ஒரு கடிதம் கொடுப்போம். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பட்டணத்து விடுதியில் இலவச இடம் கிடைத்தது அந்தக் கடிதத்தை வைத்துத்தான். கடிதம் இல்லையென்றால் விடுதி இல்லை, விடுதி இல்லையென்றால் படிப்பு இல்லை.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற முன்சீப், சின்னக் கோர்ட் நீதிபதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். இரண்டாவது, திருவாலங்காட்டில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட ரெட்டியார். எங்களையெல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தாலும் நைனாதான். மூன்றாவது, மரக்கடை சாயபு. கூடத்தின் உத்திரங்கள் அத்தனையும் அவர் கடை மரம், அவர் மனசாரக் கொடுத்தது. நான்காவது ஆள் மாணவராக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஆள் நான். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன், வயது இருபது. முன்சீப்புக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அந்த வயதில் தலை எவ்வளவு கனக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மாணவத் தலைவன் முனிரத்தினம். கே.ஜி.கண்டிகைச் சேரியிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டணத்தில் அவனும் நானும் ஒரே விடுதி, ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே விளக்கில் படிப்பு. தேர்தலில் அவன் பெயரைச் சொன்னதே நான்தான். அவன் ஜெயித்தபோது அவனைவிட எனக்குத்தான் பெருமை அதிகம். பார்த்தீர்களா, நாங்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்கிற பெருமை.

இரண்டு விதிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கொடுத்த மில்காரர் பத்திரத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: மாணவர் அல்லாதவர்கள் தங்குவதற்கு அறங்காவலர்கள் கூடத்தைத் திறந்துவிட்டால், கட்டடம் அவர் குடும்பத்துக்கே திரும்பிவிடும். மலைக்கு வருகிற கூட்டத்துக்குச் சத்திரமாகிவிடும் என்று அவருக்குப் பயம், அதில் நியாயமும் இருந்தது. அடுத்த விதி சாவியைப் பற்றியது. மாதம் ஒருவராக நாங்கள் சாவியை வைத்திருப்போம். மாணவத் தலைவருக்குக் கூடம் வேண்டுமென்றால், அந்த மாத அறங்காவலர் கையால் சாவியைக் கொடுத்து, அதற்கென்று இருந்த புத்தகத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் திறந்தது அறங்காவலர். இல்லையென்றால் திறந்தவன் பாடு.

ஆடிக் கிருத்திகை வந்தது, திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தோம். அந்த மாதம் சாவி என்னிடம்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நான் உங்களுக்கு வர்ணிக்கப் போவதில்லை, வருஷா வருஷம் பார்க்கிறீர்கள். அந்த வருஷம் கூட்டத்தோடு மழையும் வந்தது, மழையோடு வாந்திபேதியும் வந்தது. முனிரத்தினம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பொய்கைக் கரையில் காய்ச்சின தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். சுகாதார அதிகாரிகள் போட்டிருந்த தகரக் கொட்டகை முதல் நாளே நிரம்பிவிட்டது. இரண்டாம் நாள் பகல் மூன்று மணி இருக்கும், நான் கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முனிரத்தினம் ஓடி வந்தான். வேட்டியெல்லாம் சேறு. கடைப்படிக்குக் கீழே, மழையிலேயே நின்றுகொண்டு பேசினான். கனகம்மாசத்திரத்துப் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வந்த பத்துப் பேர் பாதையோரம் மழையில் கிடக்கிறார்கள் என்றும், கொட்டகையில் கால் வைக்க இடமில்லை என்றும் சொன்னான்.

"கூடத்தைத் தொறக்கணும். சாவி குடு," என்றான்.

பத்திரத்தை ஞாபகப்படுத்தினேன். அவனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். மற்ற மூவரிடமும் கேட்க நேரமிருக்கிறதா என்றேன். முன்சீப் ஆறு மைல் தள்ளி, ரெட்டியார் திருவாலங்காட்டில், சாயபு அரக்கோணம் போயிருந்தார். நீ ஒரு டிரஸ்டி, நீ கொடுத்தால் போதும் என்றான். கையெழுத்து வாங்க வேண்டுமே என்றேன்.

"வாங்கிக்கோ. போட்றேன். சீக்கிரம் குடு," என்றான்.

அவன் போட்டால் போதாது, நானும் போட வேண்டும். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை, பத்துப் பேர் மழையில் கிடக்கிறார்கள். கொடுத்தேன் என்று எழுதவும் தைரியம் வரவில்லை, அந்த ஒரு கையெழுத்தில் கட்டடமே கைமாறிவிடும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த யோசனைகளில் அவ்வளவு கேவலமானது இன்னொன்று இல்லை. அன்றைக்கு அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். கடையின் வெளித்தூணில் குடை மாட்டுகிற ஆணி ஒன்று இருந்தது. சாவியை அதில் மாட்டினேன். அவனைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னேன்:

"நான் மலைக்குப் போறேன். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நிஜமாகவே மலைக்குப் போனேன். படியில் ஏறும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பத்துப் பேருக்குக் கூரை கிடைத்தது, என் கையெழுத்தும் தப்பித்தது. மேலே போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வரும்போது கூடத்தின் எட்டு ஜன்னலும் திறந்திருப்பது தூரத்திலேயே தெரிந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன்.

இந்த வேலையில் பெரிய அயோக்கியத்தனம் செய்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. பட்டும் படாமலும் நடந்துகொள்கிற ஆளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே அதில் முதல். மாணவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றும், ஆனால் உங்கள் பெயர் அதில் இருக்கக் கூடாது என்றும் தோன்றும். அப்போது கண்ணை மூடிக்கொள்வீர்கள். அதற்கு அனுமதி என்று பெயர் வைப்பீர்கள், சுதந்திரம் என்றுகூடப் பெயர் வைப்பீர்கள். காரியம் கெட்டால் மாட்டிக்கொள்வது மட்டும் அவர்கள்.

மூன்று நாள் அவர்கள் கூடத்தில் இருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். முனிரத்தினமும் நான்கைந்து மாணவர்களும் தூங்காமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். ஒருவர் அங்கேயே போய்விட்டார். நான்காம் நாள் கூடம் முழுவதையும் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, பூட்டிவிட்டு, முனிரத்தினம் சாவியைக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். நான் அப்போது கடைக்குள்ளேதான் இருந்தேன். கூப்பிடக்கூட இல்லை. அவசரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாவு நடந்த பிறகு ஊரில் எது மறைந்திருக்கும்? மில்காரர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வந்தார். அவரை வில்லனாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா பெயர் செதுக்கியிருக்கிற வாசலில் பிணம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது அவருக்கு நிஜமாகவே வலித்தது. எங்கள் நால்வரிடமும் அமைதியாகவே பேசினார். பையன் யாருக்கும் தெரியாமல் திறந்தான் என்றால் அவன்மேல் நடவடிக்கை எடுத்து எழுதிக் கொடுங்கள், நான் வந்த வழியே போகிறேன். நீங்கள் திறந்துவிட்டீர்கள் என்றால் அப்பா எழுதினது எழுதினதுதான், கட்டடத்தைக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, பேசி முடியுங்கள் என்று வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூடம் பூராவும் பிளீச்சிங் பவுடர் நெடி. முன்சீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதம் சாவி யாரிடம் என்று கேட்டார். என்னிடம் என்றேன். எப்படி வெளியே போனது? கடை ஆணியில் மாட்டியிருந்தேன் என்றேன். இதுவரை பொய் ஒன்றும் இல்லை. சாயபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் அங்கதான் மாட்டுவீங்களா, தம்பி?"

"ஆங்," என்றேன்.

ஒரே சொல்தான், ஆனால் பொய். முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். வந்து மேசைக்கு எதிரே நின்றான். சாவி உனக்கு யார் கொடுத்தது என்று முன்சீப் கேட்டார். இதோ சொல்லப் போகிறான் என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சொல்லட்டும், சொன்னால் என் பாரம் குறையும் என்றும் ஒரு பக்கம் இருந்தது.

"ஆணியில இருந்திச்சிங்க. நான்தான் எடுத்துகினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவரு. விடுதியில் என்னை வாடா போடா என்று பேசுகிறவன், அன்றைக்கு என்னை அவரு என்றான். பெரியவர்கள் முன்னால் மரியாதைக்குச் சொல்கிறான் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. வெளியே இருக்கச் சொன்னார்கள், போனான். திரும்பியும் பார்க்கவில்லை.

முன்சீப் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்தார். மாணவத் தலைவர் அனுமதியில்லாமல் சாவியை எடுத்துக் கூடத்தைத் திறந்தார். அறங்காவலர்களுக்கு இதில் சம்பந்தமில்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்குகிறோம். இந்த வருஷம் அவருக்கு நடத்தைக் கடிதம் கிடையாது. அந்தப் பிள்ளை செய்தது தர்மம்தான், ஆனால் இருநூறு பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே இடத்தை நாம் பார்க்க வேண்டுமே என்றார். கையெழுத்துப் போட்டார். ரெட்டியார் பெருமூச்சு விட்டுக்கொண்டே போட்டார். புத்தகம் சாயபுவிடம் போனது. அவர் பேனாவைத் தொடவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி போடட்டும். நான் கடைசியா போட்றேன்."

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் தீர்மானம் செல்லும். நான் பேனாவை எடுத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், முதல் எழுத்தைப் போட்டும்விட்டேன். அந்த ஓர் எழுத்துக்குப் பிறகு கை நகரவில்லை. வாசல் பக்கம் ஜன்னல் வழியாக முனிரத்தினத்தின் முதுகு தெரிந்தது. சட்டையில் தோள்பக்கம் கிழிந்திருந்தது, மூன்று நாள் ஆட்களைத் தூக்கினதில் கிழிந்திருக்க வேண்டும். அந்த முதுகு அடுத்த வாரம் கண்டிகையில் யாரோ ஒருவர் நிலத்தில் குனிந்திருக்கும். என் கையெழுத்துதான் அதைக் குனிய வைக்கும்.

"நான்தான் குடுத்தேன்," என்றேன்.

நடந்ததை அப்படியே சொன்னேன். அவன் வந்து கேட்டது, நான் கையெழுத்துக்குப் பயந்தது, ஆணியில் மாட்டியது, மலைக்குப் போனது, சற்றுமுன் சாயபுவிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். ரெட்டியாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏன் நைனா, நான் கையெழுத்து போட்றதுக்கு முந்தி சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தே?"

அவர் கேட்டது நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்சீப் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். வாசலில் இருக்கிற மனிதருக்கு இன்னும் எதுவும் தெரியாது என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். நான் சொன்னதை அந்த நான்கு சுவருக்குள்ளேயே புதைத்துவிட்டால் கட்டடம் தங்கும். வெளியே கொண்டுபோனால் பையன் தங்குவான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழியில்லை. முன்சீப் இதைத்தான் சட்டம் பேசுகிற தோரணையில் சொல்லி, ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

சாயபு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"இந்த உத்திரமெல்லாம் என் கடை மரம். வேற எடம் கெடச்சா வேற உத்திரம் போட்டுக்கலாம். அந்தப் புள்ளைக்கு வேற படிப்பு எங்கருந்து கொண்டாறது?"

ரெட்டியார் என்னைத் திட்டிக்கொண்டே சரி என்றார். முன்சீப் எழுதின பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அந்தப் புத்தகம் இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது, என் பெயரின் முதல் எழுத்து மட்டும் அந்தரத்தில் நிற்பதைப் போய்ப் பார்க்கலாம். அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினார்: அறங்காவலர்களாகிய நாங்கள் கூடத்தைத் திறந்துவிட்டோம். நான் செய்தது, என் பெயரை மட்டும் போடுங்கள் என்றேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"மிஸ்டர், இந்த மேசையில் தனி ஆள் கிடையாது. ஒருத்தர் செஞ்சா நாலு பேரும் செஞ்சதுதான். அது புரியாமத்தான் நீங்க மலைக்குப் போனீங்க."

மில்காரர் மகன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கடைசி நேரத்தில் அவர் மனம் மாறினார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். மாறவில்லை. அப்பா பேச்சு என்று மட்டும் சொன்னார். பத்து நாள் அவகாசம் கொடுத்தார், அலமாரிகளையும் மேசைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது வாசலில் நின்றிருந்த முனிரத்தினத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். செத்துப்போனவர் எந்த ஊர் என்று கேட்டார். முனிரத்தினம் ஊரையும் பெயரையும் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பத்தாம் நாள் தன் பூட்டைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். எங்கள் பூட்டு எங்கேயோ தொலைந்தது, சாவி மட்டும் மிஞ்சியது, போன மாதம் கைமாறியது அதுதான்.

முனிரத்தினத்துக்குக் கடிதம் கொடுத்தோம். சங்கத்துக்குச் சாயபு தன் மரக்கடையின் பின்பக்கக் கொட்டகையை ஒதுக்கினார். பதினோரு வருஷம் நாங்கள் மரத்தூளுக்கு நடுவேதான் கூடினோம், தும்மல் இல்லாமல் ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.

சாமான்களை மாற்றிய அன்று கடைசியாக ஒரு பெரிய மேசை மிஞ்சியது. ஒரு முனையை அவனும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு பஜார் வழியாக நடந்தோம். கூட்டத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு கட்டடத்தையே விட்டுக்கொடுத்து இவனைக் காப்பாற்றியிருக்கிறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று இருந்தது. பாருங்கள் என் புத்தியை. எங்கள் கடைக்கு எதிரே வந்ததும் மூச்சு வாங்க மேசையைக் கீழே வைத்தோம். அப்பா கடையில் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் அந்தத் தூணைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு சாவிய ஏன் என் கையில குடுக்கல?"

அதைத்தான் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேனே என்று மறுபடி ஆரம்பித்தேன். கையில் கொடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் நான் திறந்ததாக ஆகிவிடும், அந்தப் பயம்தான் என்றேன். கூட்டத்தில் நான் சொன்னபோது அவன் வெளியே இருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு அந்தக் காரணம் தெரியாது. அவன் என்னையே பார்த்தான்.

"அவ்ளோதானா? நான் வேற நெனச்சிகினேன்."

"இன்னா நெனச்சே?"

"உங்க அப்பா பாத்துகினு இருந்தாரு. நான் படிக்குக் கீழ நின்னுகினு இருந்தேன். எங்க ஆளுங்களுக்கு இந்தக் கடைத்தெருவுல யாரும் எதையும் கையில குடுக்க மாட்டாங்க. கீழ வெப்பாங்க, இல்லன்னா மாட்டிட்டுப் போவாங்க. பட்டணத்துலதான் நீ கையில குடுப்பே போலக்குதுன்னு நெனச்சிகினேன்."

அவன் மழையில் நனைந்துகொண்டு படிக்குக் கீழேயே நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது, மேலே வா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மட்டும் அன்றைக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடையில் அவர்கள் அங்கேதான் நிற்பார்கள், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதனால் என் கண்ணில் படவில்லை. சாவியைத் திருப்பி அவன் அதே ஆணியில் மாட்டியதும் ஏன் என்று இப்போது புரிந்தது. நான் அவனைத் தொட விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவன் அந்த மேசை முன்னால் நின்று, அவருக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

"அப்படி நெனச்சிகினுமா என்னைக் காட்டிக் குடுக்கல?"

அவன் தோளைக் குலுக்கினான்.

"ஒம்போது பேரு பொழச்சிகினாங்களே. சாவி எப்படி வந்தா இன்னா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பஜார் நடுவில் நின்று அழுதேன், சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது. பிறகு இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது. எடுத்து, அவன் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினேன். அப்பா கடைக்குள்ளிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

முனிரத்தினம் கையைத் திறந்து பார்த்தான். அது இனி எந்தக் கதவையும் திறக்காது என்று இருவருக்கும் தெரியும். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப குட்றியேடா," என்றான்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, மேசையின் தன் பக்கத்தைத் தூக்கினான்.